படம் போடாத ஃபிலிம் சொசைட்டி

“படமே போடலைன்னா அப்புறம் என்னப்பா ஃபிலிம் சொசைட்டி?”

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் இந்தக் கூட்டத்தை நாங்கள் ஆரம்பித்த நாளிலிருந்து வருகிறவர். மழை, கல்யாணம், காய்ச்சல் எதற்காகவும் தவறவிட்டதில்லை. அவர் கேட்டதில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. என்னிடம் பதில் இல்லை. “டீ ஆறிடப் போகுது சார்” என்று சொல்லி நழுவிவிட்டேன்.

கதை இதுதான். 2017ல் ஆரம்பித்தபோது முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, நாலு மணி. வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், வெள்ளை வேட்டித் துணியில் திரை. படத்துக்கு முன்னால் நான் அரை மணி நேரம் பேசுவேன். இயக்குநர் பிறந்த ஊர், அவர் சார்ந்த இயக்கம், வாங்கிய விருதுகள். பிறகு படம். முடிந்து விளக்கைப் போட்டால் மணி ஏழே முக்கால் ஆகியிருக்கும். “சரி, யாராவது பேசுங்க” என்பேன். எல்லாரும் செருப்பைத் தேடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் கடைசி பஸ் கவலை. கலந்துரையாடல் என்று நோட்டீசில் போட்டிருந்தது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முப்பது பேர் பதினைந்தானார்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் கூட்டம் நின்றது. திரும்ப ஆரம்பித்தபோது ஏழு பேர். “ஃபோன்லயே எல்லாப் படமும் வந்துடுச்சு, யார் வருவா?” என்று எல்லாரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன். கடைசி முயற்சியாக ஒரு மாற்றம் செய்தோம். படத்தை அவரவர் வீட்டிலேயே பார்த்துவிட்டு வருவது. இங்கே வந்து இரண்டு மணி நேரம் பேசுவது மட்டும். அதற்குத்தான் பெரியவர் அப்படிக் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஃபிலிம் சொசைட்டி என்ற ஒன்று எதற்காகப் பிறந்தது, அதில் படம் எந்த இடத்தில் இருந்தது, பேச்சு எந்த இடத்தில் இருந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். படிக்கப் படிக்க அது என்னைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது.

*

‘சினே கிளப்’ என்ற சொல் பாரிசில் 1920ல் புழக்கத்துக்கு வந்தது. லூயி தெல்யூக் என்ற எழுத்தாளர், விமர்சகர், பின்னர் இயக்குநராகவும் ஆனவர், அந்தப் பெயரில் ஒரு பத்திரிகையே தொடங்கினார். சினிமா சந்தைக் கேளிக்கை என்று படித்தவர்கள் ஒதுக்கிய காலம் அது. ஓவியத்தையும் இசையையும் பற்றிப் பேசுவதுபோல சினிமாவைப் பற்றியும் பேசலாம் என்று நிறுவுவதுதான் அவர்களுடைய பிரச்சினை. அதாவது தொடக்கத்தில் பேச்சுக்கே முதலிடம்.

லண்டனில் 1925ல் ‘தி ஃபிலிம் சொசைட்டி’ தொடங்கியபோது பிரச்சினை வேறாகிவிட்டது. அங்கே படமே கிடைக்கவில்லை. வணிகர்கள் கொண்டுவர மாட்டார்கள், தணிக்கை விடாது. ஐவர் மாண்டேகு, ஐரிஸ் பாரி போன்றவர்கள் சேர்ந்து, உறுப்பினர்களுக்கு மட்டும் ஞாயிறு மதியங்களில் படம் காட்டினார்கள். பெர்னார்ட் ஷா, எச்.ஜி.வெல்ஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். பிரிட்டனில் தடைசெய்யப்பட்டிருந்த ‘பேட்டில்ஷிப் பொட்டம்கின்’ 1929 நவம்பரில் அங்கே திரையிடப்பட்டபோது ஐசன்ஸ்டீனே அரங்கில் இருந்தார். அதே நிகழ்ச்சியில்தான் ஜான் கிரியர்சனின் ‘டிரிஃப்டர்ஸ்’ ஆவணப்படமும் முதலில் காட்டப்பட்டது. பெரிய காரியம்தான். ஆனால் அதன் சந்தா சாதாரணத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அதே ஆண்டு தொழிலாளர்களுக்கென்று தனியாகச் சொசைட்டிகளும் ஒரு கூட்டமைப்பும் உருவாகின.

இந்தியாவுக்கு வந்தது பெரும்பாலும் இந்த லண்டன் மாதிரிதான். 1947ல், சுதந்திரம் கிடைத்த சில வாரங்களில், சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் போட்ட படமும் ‘பொட்டம்கின்’தான். ராய் அப்போது ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தார். ‘பதேர் பாஞ்சாலி’ வெளிவர இன்னும் எட்டு வருடங்கள் இருந்தன. ‘தி ரிவர்’ படத்துக்காக ழான் ரெனுவார் கல்கத்தா வந்தபோது, இந்த இளைஞர்கள் அவரை விடாமல் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள்.

1959ல் இந்திய ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பு உருவானது. ராய் தலைவர். சிதானந்த தாஸ்குப்தாவும் விஜயா முலேயும் இணைச் செயலாளர்கள். அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் சார்பில் இருந்த அம்மு சுவாமிநாதன் துணைத் தலைவர்களில் ஒருவர். கூட்டமைப்பைத் தொடங்கிய கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சங்கங்களில் சென்னையுடையதும் ஒன்று. திருவனந்தபுரத்தில் 1965ல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் தொடங்கிய ‘சித்ரலேகா’ கேரளத்தில் ஒரு அலையையே கிளப்பியது. அதிலிருந்து பிறந்த கூட்டுறவு அமைப்புதான் 1972ல் ‘சுயம்வரம்’ எடுத்தது. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம் 1984ல் ‘ஒடேசா’ என்ற குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி ‘அம்மா அறியான்’ எடுத்தார். நம் திருநெல்வேலியில் புதுமைப்பித்தன் கதையின் பெயரில் ‘காஞ்சனை’ இயங்கியது.

இந்த வரலாற்றைப் பேசுகிறவர்களின் நினைவில் எப்போதும் முன்னால் நிற்பது படப்பெட்டி. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964ல் தொடங்கியபின், அங்கிருந்தும் தூதரகங்களிலிருந்தும் பிரிண்டுகள் பெட்டியில் வரும். ரயில்வே பார்சல் ஆபீசில் போய் நிற்க வேண்டும். 16 எம்எம் புரொஜெக்டர் ஓடுகிறவரை உயிர் கையில் இருக்காது. ஒரே பிரிண்டுக்காக அடுத்த ஊரும் காத்திருக்கும். நான் பழகிய பழைய சொசைட்டிக்காரர்கள் எல்லாருக்கும் பெட்டி வராத நாளைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆனால் “படம் முடிஞ்சதும் என்ன பேசினீங்க?” என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். “பேசுவோம்... டீக்கடையில பேசுவோம்” என்பார்கள்.

இதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. எது அரிதோ அதைச் சுற்றித்தான் ஒரு அமைப்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். அன்றைக்கு அரிது படம். அறுபதுகளில் சொசைட்டித் திரையிடல்களுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கும் கிடைத்தது. வெட்டாத படம் பார்க்கலாம் என்றதும் உறுப்பினர் எண்ணிக்கை எகிறியது. எதற்காக எகிறியது என்பது நடத்தியவர்களுக்கே தெரியும். பிறகு வீடியோ கேசட் வந்தது, செயற்கைக்கோள் சேனல்கள் வந்தன, டிவிடி வந்தது, கடைசியில் ஃபோன். பெட்டிக்காகக் கூடிய கூட்டம், பெட்டி தேவையில்லாமல் போனதும் கலைந்தது. எங்கள் மாடியில் நடந்ததும் இதேதான், ஐம்பது வருடம் தாமதமாக.

*

இந்த இடத்தில்தான் ஃபிலிம் சொசைட்டி வரலாற்றில் யாரும் அதிகம் சேர்க்காத இன்னொரு வரலாறு எனக்குக் கிடைத்தது. இவர்களுக்குக் கலைப்படம், ரசனை பற்றியெல்லாம் கவலையில்லை. ஒரு பெட்டியைச் சுற்றி மனிதர்களை உட்காரவைத்தால் என்ன நடக்கும் என்று மட்டும் பார்த்தார்கள்.

முதலில் ரேடியோப் பெட்டி. 1956ல், யுனெஸ்கோ உதவியுடன், புனே வானொலி நிலையத்திலிருந்து ஒரு பரிசோதனை நடந்தது. ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் இருபது பேர் கொண்ட ஒரு மன்றம். வாரம் இரண்டு நாள், அரைமணி நேர நிகழ்ச்சி. பயிர், மாடு, எலித்தொல்லை, சுகாதாரம். நிகழ்ச்சி முடிந்ததும் யாரும் எழுந்து போகக் கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும். பேசியதை மன்றச் செயலாளர் எழுதி வானொலி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கேள்விகளுக்கு அங்கிருந்து பதில் வரும். பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள்.

இதை ஆராய்ந்தவர் பால் நாய்ராத். வியன்னாக்காரர். நாஜிகளின் தாக்காவ், பூக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டிருந்து தப்பியவர். அந்த முகாம்களுக்குள் மனிதர்கள் எப்படி ஒரு சமூகமாக வாழ்ந்தார்கள் என்றுதான் முனைவர் பட்ட ஆய்வு எழுதினார். பிறகு பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக்கு வந்து, மராட்டிய கிராமங்களில் ரேடியோவுக்குப் பிறகு மனிதர்கள் பேசிக்கொள்வதை அளந்தார். மன்றம் இருந்த கிராமங்களை, மன்றம் இல்லாமல் ரேடியோ மட்டும் இருந்த கிராமங்களோடும், ரேடியோவே இல்லாத கிராமங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். மன்றம் இருந்த இடத்தில் மக்களின் அறிவு வெகுவாகக் கூடியிருந்தது. ரேடியோ மட்டும் இருந்த இடத்தில் கூடியது கொஞ்சம்தான். பெட்டி ஒன்று, நிகழ்ச்சி ஒன்று. வித்தியாசம், முடிந்தபிறகு உட்கார்ந்து பேசினார்களா இல்லையா என்பதில்.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏழு பேருக்குக் காரணம் ஃபோன் என்று அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் நடத்தியது மன்றம் இல்லாத ரேடியோ.

தொலைக்காட்சியும் நம் நாட்டுக்குள் இந்த வழியாகத்தான் நுழைந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் ஒளிபரப்பு தொடங்கியபோது வீடுகளில் பெட்டி கிடையாது. தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் சமுதாயக் கூடங்களில் சுமார் இருபது பெட்டிகள் வைத்து, அவற்றைச் சுற்றி ‘டெலிகிளப்’ அமைத்தார்கள். போக்குவரத்து விதி, உணவுக் கலப்படம், குடிமக்களின் உரிமையும் கடமையும் என்று நிகழ்ச்சி. பார்த்ததும் பேச்சு. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிரான்சின் வட கிராமங்களில் விவசாயிகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பள்ளிக்கூடத்தில் வைக்கப் பொதுவாக ஒரு டிவி வாங்கி ‘டெலிகிளப்’ நடத்தியிருந்தார்கள். 1967 ஜனவரி 26 அன்று ‘கிருஷி தர்ஷன்’ தொடங்கியதும் தில்லியைச் சுற்றியிருந்த எண்பது கிராமங்களின் பொது டிவிகளை நம்பித்தான். 1975 ஆகஸ்டு முதல் ஒரு வருடம், அமெரிக்கச் செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு ஒளிபரப்பினார்கள். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. ஆனால் அதே ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது.

நமக்குக் கிடைத்தது பஞ்சாயத்து டிவி ரூம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சின்னதாக ஒரு கட்டடம், கம்பிக் கதவு, உள்ளே பூட்டிய மரப்பெட்டிக்குள் டிவி, சாவி ஒருவரிடம். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிறு படம். திண்ணையிலும் தரையிலும் தெருவிலும் கூட்டம். பெட்டி வைக்க இடம் ஒதுக்கினார்கள், சாவிக்கு ஆள் போட்டார்கள். பேச்சுக்கு என்று ஒருவரை யாரும் போடவில்லை. 2006க்குப் பிறகு அரசே வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அந்த ரூம்கள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது ரேஷன் மூட்டை அடுக்கும் இடமாகிவிட்டன. அவரவர் வீட்டில் டிவி வந்தது நல்லதுதான். யார் வீட்டு வாசலில் யார் நின்று பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்ற சாதிக் கணக்கு அதனால் குறைந்தது என்பதை மறந்துவிட்டு அந்த ரூமுக்காக ஏங்க எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே முளைத்திருக்கக்கூடிய ஒன்று முளைக்கவே இல்லை.

*

பேச்சுக்கு ஒருவரைப் போடுவது என்றால் அவர் என்ன செய்ய வேண்டும்? இதற்கு எனக்குக் கிடைத்த ஆசான் ஆந்த்ரே பஸான். ‘கையே து சினிமா’ இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர், ட்ரூஃபோவின் வளர்ப்புத் தந்தைபோல இருந்தவர் என்று அவரை நமக்குத் தெரியும். அவருடைய கட்டுரைகளைத்தான் நான் படத்துக்கு முன்னால் எடுத்து விளாசுவேன். ஆனால் அவருக்குத் திக்குவாய் என்பதைக் கவனித்ததில்லை. ஆசிரியராக வேண்டும் என்று படித்தவர். வாய்மொழித் தேர்வில் திக்கியதால் அந்த வேலை கிடைக்காமல் போயிற்று. போருக்குப் பிறகு தொழிலாளர்களுக்கான ஒரு பண்பாட்டு அமைப்பில் சேர்ந்து, தொழிற்சாலைகளுக்கும் தொழிற்சங்க அரங்குகளுக்கும் சினே கிளப்புகளுக்கும் படப்பெட்டியோடு போனார். வகுப்பறைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர், விளக்கு எரிந்த பிறகு நடக்கும் பேச்சுக்கு நாட்டிலேயே பெயர் பெற்றவரானார். 1958ல் நாற்பது வயதில் இறந்துபோனார். ட்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படத்தை அவர் நினைவுக்குச் சமர்ப்பித்தார்.

மார்செல் கார்னேயின் ‘விடிகிறது’ படத்தைப் பற்றி பஸான் எழுதிய நீண்ட குறிப்பு இந்தக் கூட்டங்களில் விளைந்தது. கொலை செய்துவிட்டு ஒரு மாடி அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்ட தொழிலாளியின் கதை. அந்தக் குறிப்பில் பஸான் அறையில் இருக்கிற பொருட்களிலிருந்து போகிறார். அலமாரி, மேசை, சிகரெட். இங்கே ஆக்ராவில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டே ஃபிலிம் சொசைட்டி நடத்திய சதீஷ் பகதூர், பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் திரைப்பட ரசனைப் பேராசிரியரானவர், ‘பதேர் பாஞ்சாலி’யைக் காட்சி காட்சியாக நிறுத்திக் காட்டிப் பாடம் நடத்தியதும் கிட்டத்தட்ட இதே வழிதான். முதலில் என்ன பார்த்தோம். அது என்ன அர்த்தம் என்பது பிறகு.

அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி “படம் எப்படி இருந்துச்சு?” இதற்கு இரண்டே பதில்தான் வரும், நல்லா இருந்துச்சு, ஸ்லோவா இருந்துச்சு. அதைவிட மோசம், நான் முன்னால் அரை மணி நேரம் பேசியதால், என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் வாயைத் திறக்கவே பயந்தார்கள். அவர்களை அமைதியாக்கியது நான்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அதனால் முறையை மாற்றினேன். முன்னுரை கிடையாது. வீட்டில் பார்த்துவிட்டு வந்த படத்திலிருந்து ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் இங்கே இரண்டு முறை போடுவோம். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் பார்த்த ஒரு பொருளையோ, கேட்ட ஒரு சத்தத்தையோ மட்டும் சொல்ல வேண்டும். கருத்து சொல்லக் கூடாது. நான் கடைசியில்தான் பேசுவேன். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

‘சைக்கிள் திருடர்கள்’ மாதம். 1948ல் வந்த டி சிக்காவின் படம். எத்தனையோ முறை பார்த்தது, எனக்குத் தெரியாதது அதில் எதுவும் இல்லை என்ற நினைப்பு. வேலைக்கு சைக்கிள் வேண்டும், சைக்கிள் அடகில் இருக்கிறது. அதை மீட்க மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டு போய் அடகு வைக்கிறாள். அந்தக் காட்சியைப் போட்டோம். கீழ்க்கடையில் தையல் வேலை பார்க்கிற அக்கா அன்றைக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தார். அவர் முறை வந்தது.

“அந்த ஆளு மூட்டைய வாங்கிட்டு ஏணி மாதிரி ஏறிக்கிட்டே இருக்கான் பாருங்க. மேல வரைக்கும் அதே மூட்டைங்க. அவ்வளவு வீட்டுலயும் ராத்திரி வெறும் மெத்தையிலதான் படுத்திருப்பாங்க.”

சொல்லிவிட்டு, கருத்து சொல்லக் கூடாது என்ற விதி ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. அதன்பிறகு அடகைப் பற்றிப் பேச்சு போயிற்று. முதலில் எதை வைப்போம், எதைக் கடைசிவரை வைக்க மாட்டோம், மீட்கப் போகும்போது கடைக்காரர் முகம் எப்படி இருக்கும். ஒருவர் தன் அப்பாவின் சைக்கிளைப் பற்றிச் சொல்லி நடுவில் நிறுத்திக்கொண்டார். நியோரியலிசம் என்ற சொல்லை நான் அன்று உச்சரிக்கவே இல்லை. உச்சரிக்கத் தேவையும் இருக்கவில்லை. மணி எட்டரை ஆகியும் யாரும் செருப்பைத் தேடவில்லை.

அந்த அக்காதான் அடுத்த கூட்டத்துக்கு “சீரியலப் பத்தியும் பேசலாமா?” என்று கேட்டார். பேசினோம். 1999ல் சன் டிவியில் தொடங்கிய ‘சித்தி’ ஓடிய காலத்தில் வீட்டில் யார் எப்போது சமைத்தார்கள், யாருடைய ஃபோன் வந்தால் எடுக்கவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தது. அன்று பத்தொன்பது பேர். பெண்கள் ஆண்களைவிட அதிகமாக இருந்த முதல் கூட்டம் அதுதான். எட்டு வருடமாக இதை நடத்துகிறேன், அதற்கு முன்னால் ஒரு தடவைகூட அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பெரியவரிடம் ஒருநாள் சொன்னேன். கல்கத்தா, புனே, நாய்ராத், பஸான் எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

“சரிப்பா. பேச்சு முக்கியம். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லு. அந்த மூட்டைக் காட்சிய ரெண்டாவது தடவ போட்டப்ப, ரூமே கப்புனு அடங்குச்சு பாரு. அது வீட்ல தனியா பார்த்தா வருமா?”

வராது. அவர் சொன்னதும் சரிதான். என் வரலாற்றில் அதற்குப் பதில் இல்லை. இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதும் ஒருவகைப் பேச்சுதான் என்று அவர் சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

அதனால் இப்போது ஒரு ஏற்பாடு. பதினோரு மாதம் வீட்டில் பார்த்துவிட்டு வந்து பேசுவது. டிசம்பரில் ஒரு ஞாயிறு மட்டும் இரண்டு மணிக்கே கூடி, முழுப் படத்தையும் சேர்ந்து பார்த்துவிட்டுப் பேசுவது. வேட்டித் திரையை இந்த முறை தையல் அக்கா ஓரம் அடித்துக் கொடுத்தார். எந்தப் படம் என்பதைப் பெரியவர் தேர்ந்தெடுக்கிறார். இன்னும் முடிவு சொல்லவில்லை. கேட்டால், “யோசிச்சிட்டிருக்கேன்பா, அவசரப்படுத்தாத” என்கிறார்.